பயோசெபரேஷனா, பயோஇன்ஃபர்மேடிக்ஸா: எம்.டெக்.கில் எதை எடுப்பது?

கேள்வி – ஜூன் 3, காலை

பி.டெக். பயோடெக்னாலஜி முடித்திருக்கிறேன். எம்.டெக்.குக்கு இரண்டு இடங்களில் கிடைக்கும் போலிருக்கிறது. ஒரு துறையில் பயோசெபரேஷன், அதாவது உயிர்ப்பொருள்களைப் பிரித்துத் தூய்மையாக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, இன்னொன்றில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராய்வது. புரதத்தின் வடிவத்தையே கணினி சொல்லிவிடுகிற நாளில், கண்ணாடிக் குழாயில் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன எதிர்காலம் என்று அப்பா கேட்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பயோசெபரேஷன் அழியப்போகும் துறை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பதில் – ஜூன் 3, இரவு

மறுக்கிறேன்.

இன்சுலின், தடுப்பூசி, பாம்புக்கடி மருந்து, புற்றுநோய்க்குப் போடும் ஆன்டிபாடி, சலவைத்தூளில் கலக்கும் நொதி என எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். தொட்டியில் வளர்ந்த செல்லோ, விலங்கின் இரத்தமோ நமக்குக் கொடுப்பது ஒரு கலங்கல் குழம்பு. அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, மற்றதை வெளியேற்றி, எடுத்தது கெடாமல் குப்பிக்குள் அடைக்க வேண்டும். ஆலையில் இதை டவுன்ஸ்ட்ரீம் என்பார்கள். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் இங்கேதான் போகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆலையில் வேலை பார்த்த எனக்கு அதில் வியப்பில்லை.

அப்பாவுக்கு ஒரு கணக்கைக் காட்டுங்கள், தம்பி. ஐந்து படிகள், ஒவ்வொரு படியிலும் 90 சதவீதம் மீட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் கையில் நிற்பது 59 சதவீதம். ஒவ்வொன்றிலும் 80 என்றால் 33. ஒரே ஒரு படியைக் குறைக்கத் தெரிந்தவருக்கு நிறுவனம் ஏன் சம்பளம் கொடுக்கிறது என்பது அப்போது அவருக்கே விளங்கிவிடும்.

ஜூன் 4

“ஆல்ஃபாஃபோல்டுக்கு 2024இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்களே” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுத்தார்கள், தகுதியான பரிசு. வேதியியலில் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கு, மறு பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். ஆனால் புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் அந்த ஆல்ஃபாஃபோல்டு நிரல் எதைப் படித்து வளர்ந்தது? புரத வடிவங்களின் பொதுக் கிடங்கான பி.டி.பி.யை. 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கிய அந்தக் கிடங்கு 2023 தொடக்கத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அந்த இரண்டு லட்சத்தில் ஒவ்வொன்றுக்கும் பின்னால், புரதத்தை மில்லிகிராம் கணக்கில் தூய்மையாக எடுத்துக் கொடுத்த ஒருவர் இருக்கிறார். கட்டுரையில் அவர் பெயர் பெரும்பாலும் நடுவில் எங்கோ வரும்.

ஜூன் 4, சற்றுக் கழித்து

அதற்காகக் கணினிப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்ல வந்தது வேறு. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ஜூன் 6

ஞாயிறு வேலைகளுக்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை எப்படிக் கற்றுக்கொடுக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரே சோதனை, கோழிமுட்டை வெள்ளைக்கரு. செலவு ஒரு முட்டை. அதில் இருக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் மூன்றரை சதவீத அளவுதான். சளியில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் கண்டு சொன்ன அதே நொதி. 1965இல் டேவிட் பிலிப்ஸ் குழு எக்ஸ் கதிரால் வடிவம் கண்ட முதல் நொதியும் இதுதான்.

வெள்ளைக்கருவைப் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) நீர்க்க வைத்ததும் நூல்நூலாக வெள்ளை ஒன்று திரளும். அது ஓவோமியூசின். மஸ்லின் துணியில் வடிகட்டிவிட வேண்டும். அவசரப்பட்டு அதையும் சேர்த்து ஊற்றும் குழுவுக்கு அரை மணி நேரத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியதை பி.எச். 8க்குப் பக்கத்தில் வைத்து, எதிர்மின் சுமை கொண்ட ரெசின் என்ற சிறு மணிகளை நிரப்பிய குழாயில் விடுகிறோம். அந்த பி.எச்.சில் ஓவால்புமினும் எதிர்மின் சுமையோடு இருப்பதால் நிற்காமல் ஓடிவிடும். லைசோசைம் மட்டும் நேர்மின் சுமையோடு இருப்பதால் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கழுவிய பிறகு அரை மோலார் உப்புக் கரைசலை விட்டால் இறங்கி வரும்.

இறங்கி வருவது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சொட்டுவதுபோல்தான் இருக்கும். சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்து பிராட்ஃபோர்டு சாயத்தில் விட வேண்டும். பழுப்பாக இருக்கும் சாயம் முதல் சில குழாய்களில் பழுப்பாகவே நிற்கும். திடீரென்று ஒன்றில் நீலம், அடுத்ததில் கருநீலம், அதற்கடுத்ததில் மறுபடி வெளிறல். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நீலம் வந்ததும் மேசையைச் சுற்றிக்கொள்வார்கள். பிறகு மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவின் செல்களைக் கலந்த கலங்கல் நீரில், கருநீலம் காட்டிய குழாயின் திரவத்தைச் சிறிது விட்டால், கலங்கல் கண் முன்னால் தெளியும். 450 நானோமீட்டரில் கருவியின் எண் இறங்கிக்கொண்டே வரும்.

குழாய் நிரப்புவதையும் மாணவர்களிடமே விட வேண்டும். உதவியாளர் நிரப்பிக் கொடுத்த குழாயில் செய்வது பயிற்சியே இல்லை. சிறிது கவனம் தவறிப் பஃபர் மட்டம் ரெசினுக்குக் கீழே இறங்கிவிட்டால், வறண்ட கண்மாய்போல் நடுவில் வெடிப்பு விழும். திரவம் எல்லாம் அந்த வெடிப்பின் வழியே ஓடிவிடும். எல்லாவற்றையும் கொட்டிக் கலக்கி, காற்றை வெளியேற்றி, மறுபடி முதலிலிருந்து. அந்த மாலை வீட்டுக்குத் தாமதமாகப் போகிறவருக்கு அடுத்த முறை கண் மட்டத்தை விட்டு நகராது.

ஜூன் 6, மாலை

“குளிர் அறை இல்லாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது” என்று கேட்டவருக்கு: லைசோசைம் தாங்கும், கவலை வேண்டாம். மற்ற புரதங்களுக்கு ஐஸ் வாளி. நான் சில காலம் பாடம் எடுத்த கல்லூரியில் கணினி அறைக்கு இரண்டு ஏசி இருந்தன. புரதத்துக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் மாதிரிக் குப்பிகளைக் கொண்டுபோய்க் கணினி அறையில் வைத்துவிட்டு வருவார்கள். பயோசெபரேஷனும் பயோஇன்ஃபர்மேடிக்ஸும் அந்தக் கல்லூரியில் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அது.

ஜூன் 9

இப்போது, அன்று சொல்ல வந்தது.

வெள்ளைக்கரு சோதனைக்கு முதல் நாள் நான் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன். புரதங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிபுராட் தளத்தில் கோழி லைசோசைமின் பதிவு, எண் பி00698. அதன் அமினோ அமில வரிசையை எடுத்து எக்ஸ்பாசி இணையதளத்தின் புராட்பாரம் கருவியில் போட்டு, மூலக்கூறு எடை, ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (புரதத்தின் நிகர மின்சுமை பூஜ்யமாகும் பி.எச்.) இரண்டையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 16 கிலோடால்டன் என்று எழுதி வருவார்கள். மறுநாள், புரதங்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டை 14க்குப் பக்கத்தில் நிற்கும். “புரதம் உடைந்துவிட்டது” என்று ஒரு குழு சொல்லும். “ஜெல் சரியாக ஓடவில்லை” என்று இன்னொரு குழு.

ஜெல்லில் குறையே இல்லை. பதிவில் இருப்பது 147 அமினோ அமிலங்கள். அவற்றில் முதல் 18, புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்புவதற்கான முகவரிச் சீட்டு. அனுப்பியதும் வெட்டி எறியப்படும். முட்டையில் இருப்பது மீதி 129. பதிவிலேயே அது எழுதியிருக்கிறது. யாரும் கீழே இறங்கிப் படிப்பதில்லை. மறுபடி 129ஐ மட்டும் போட்டால் 14.3 வரும், ஜெல்லோடு ஒத்துப்போகும்.

பப்பாளியின் பப்பாயினில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். பதிவில் 345, முதிர்ந்த நொதியில் 212. அனுப்பும் சீட்டோடு, நொதி வேளைக்கு முன் வேலை செய்யாமல் பூட்டி வைக்கும் ஒரு நீண்ட துண்டும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது.

குழாயைத் தொடாதவருக்கு 16 என்பது சரியான விடை. வரிசை படிக்காதவருக்கு 14 என்பது வெறும் பட்டை. இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே ஆள் பார்த்தால்தான், ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வியே பிறக்கும். நம் துறைகளில் இவை இரண்டும் இரண்டு செமஸ்டரில், இரண்டு மாடியில், ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு ஆசிரியர்களிடம் இருக்கின்றன. என் சண்டை அதனோடுதான்.

ஜூன் 10

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது: லைசோசைமின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி கணக்கில் 9.3 வருகிறது, புத்தகத்தில் 11 என்று இருக்கிறது, எது சரி?

ஆய்வகத்தில் அளந்தது 11ஐ ஒட்டி. கணக்கு போடும் கருவி, சங்கிலியில் உள்ள ஒவ்வோர் அமினோ அமிலமும் தனித்தனியே தண்ணீரில் மிதப்பதாக வைத்துக்கொண்டு சராசரி எண்களைக் கூட்டுகிறது. மடிந்த புரதத்தில் பக்கத்துச் சுமைகள் ஒன்றை ஒன்று தள்ளும், இழுக்கும். சில உள்ளே புதைந்து கிடக்கும். சர்க்கரையும் பாஸ்பேட்டும் ஒட்டிய புரதங்களில் இந்த விலகல் வேறு வகையில் வரும். ஓவால்புமினில் இரண்டுமே உண்டு.

நம் சோதனைக்கு 9.3 ஆனாலும் 11 ஆனாலும் பி.எச். 8இல் லைசோசைம் நேர்மின் சுமையோடுதான் இருக்கும், ஆகவே பிழைத்தோம். புள்ளி 7.5 என்று கணக்கு சொல்லும் புரதத்தில் இந்த நம்பிக்கையை வைத்தால் ஒரு நாள் வேலை வடிகாலில் போகும். அங்கே சின்னச் சின்னக் குப்பிகளில் வெவ்வேறு பி.எச். வைத்து, ரெசினைச் சிறிது போட்டுக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் குழாய்க்குப் போக வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம் என்று கணக்கு சொல்லும், அவ்வளவுதான்.

ஜூன் 13

“தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் என்ன பாரம்பரியம் இருக்கிறது” என்று ஏளனமாக ஒரு பதிவு. நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் முடியாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன், 1963. இன்றும் புதிதாக ஒரு வடிவம் பி.டி.பி.க்குப் போனால் முதலில் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்டு கொடுத்த வடிவத்தையும் அப்படித்தான். பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே அந்த வேலை இங்கே நடந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1954இல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூவிழை வடிவம் சொன்னார்கள். அதற்கான மாதிரி, அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. கங்காரு வாலின் தசைநார்! நல்ல மாதிரி பக்கத்து வளாகத்தில் கிடைத்ததால் நடந்த ஆராய்ச்சி அது.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1986-87இல் நாடு முழுக்கத் தகவல் மையங்களின் வலையமைப்பைத் தொடங்கியபோது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதில் இடம் பெற்றது. இணையம் வீட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு.

பிரித்தெடுப்புப் பக்கம் வேலூர் வி.ஐ.டி.யில் பயோசெபரேஷனுக்கென்றே தனி மையம் இருக்கிறது. அதை நிறுவிய எம். ஏ. விஜயலட்சுமி பிரான்சில் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வேலை, ஹிஸ்டிடின் என்ற ஒற்றை அமினோ அமிலத்தை ரெசினில் பொருத்தி அதைக் கொண்டே ஆன்டிபாடியைப் பிடிப்பது. இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஆலைகளில் ஆன்டிபாடியைப் பிடிக்கப் பயன்படுவது புரோட்டீன் ஏ. ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவிடமிருந்து வந்த புரதம். பிடிப்பு பலமானது, விலையும் அப்படியே, லிட்டருக்கு லட்சங்களில் வரும். பிடித்ததை விடுவிக்க பி.எச்.சை 3, 3.5 வரை இறக்க வேண்டும். அந்தப் புளிப்பில் சில ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். ஹிஸ்டிடினின் பிடி மென்மையானது. நடுநிலைக்குப் பக்கத்தில் பிடிக்கும், சிறிது உப்புக்கே விட்டுவிடும். மென்மையான பிடி என்றால் வேறு சிலவும் கூடவே ஒட்டும் என்பது மறுபக்கம். ஆலைகள் இன்னும் புரோட்டீன் ஏவை விடவில்லை. அதற்குக் காரணம் பழக்கம் பாதி, அனுமதிக் காகிதங்கள் பாதி.

ஜூன் 14

பேச்சு பப்பாளிக்குத் திரும்பிவிட்டது. நான்தான் ஆரம்பித்தேன், ஆகவே முடித்துவிடுகிறேன்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் பப்பாயினுக்கு உகந்தவை. முற்றாத பச்சைக்காயின் தோலில் காலை நேரத்தில் லேசாகக் கீறிப் பாலை எடுப்பார்கள். அந்தப் பாலை உலர்த்தினால் கச்சாப் பப்பாயின். அதில் பப்பாயினோடு அதன் உறவுக்கார நொதிகளும் கலந்திருக்கும். நம் ஊர்த் தோட்டத்திலிருந்தே தொடங்கி, உப்பில் வீழ்த்தி, குழாயில் பிரித்து, ஜெல்லில் பார்த்து முடிக்கலாம். பல்கலைக்கழகப் பயிற்சிக்கு இதைவிட வசதியான சரக்கு கிடையாது.

ஒரு முறை ஒரு மாணவி அழகாகத் தூய்மைப்படுத்திக் கொண்டுவந்தாள். ஜெல்லில் ஒற்றைப் பட்டை, செயல்திறன் பூஜ்யம். நொதி செத்துவிட்டது என்று முகம் வாடிவிட்டது. பப்பாயினின் வேலை நடப்பது ஒரு சிஸ்டைனின் கந்தகத்தில். காற்று பட்டால் அது மூடிக்கொள்ளும். சோதனைக் கலவையில் சிஸ்டைனைச் சேர்த்துச் சிறிது நேரம் வைத்த பிறகு பார்த்தால் நொதி முழு வீச்சில் வேலை செய்தது. அவள் கையில் இருந்த வரிசையிலேயே அந்தச் சிஸ்டைனுக்கு நேராக “செயல் மையம்” என்று குறித்திருந்தது.

ரோட்னி போர்ட்டர் ஆன்டிபாடியை மூன்று துண்டாக வெட்டியது இந்தப் பப்பாயினைக் கொண்டுதான். அதற்கு 1972இல் நோபல்.

ஜூன் 14, இரவு

வெட்டுவது என்றதும் பாம்புக்கடி மருந்து பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978 முதல். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சும் அங்கிருந்து மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். அதன் இரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகும். பிளாஸ்மாவைப் பிரித்து, ஆன்டிபாடியைப் பெப்சின் என்ற நொதியால் வெட்டி, ஒவ்வாமைக்கு வழிவகுக்கும் அதன் வால் பகுதியை நீக்குவார்கள். காப்ரிலிக் அமிலத்தை விட்டால் வேண்டாத புரதங்கள் திரண்டு விழும், ஆன்டிபாடி கரைசலிலேயே நிற்கும். வேண்டியதை வீழ்த்தி எடுப்பதைவிட வேண்டாததை வீழ்த்துவது பல நேரம் நல்லது. வேண்டியது அடிபடாமல் இருக்கும்.

இதை அழியப்போகும் துறை என்கிறார் தம்பி.

ஜூன் 20

“நிக்கல் குழாயில் என் புரதத்தோடு 25 கிலோடால்டன் பக்கத்தில் இன்னொரு பட்டையும் வருகிறது, எவ்வளவு கழுவினாலும் போகவில்லை” என்ற கேள்வி. நிக்கல் ஹிஸ்டிடினைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஹிஸ்டிடின் வால் ஒட்டிய புரதத்தை இ. கோலை பாக்டீரியாவில் வளர்த்திருப்பீர்கள். அந்தப் பட்டை பெரும்பாலும் ஸ்லைடி. இ. கோலையின் சொந்தப் புரதம். அதன் நுனியில் இயற்கையாகவே ஹிஸ்டிடின் மண்டிக் கிடப்பதால் நிக்கலை விடாது. எடை கணக்கில் 21தான், ஜெல்லில் சற்று மேலே நிற்கும். யூனிபுராட்டில் எடுத்து வரிசையின் கடைசியைப் பாருங்கள், ஹிஸ்டிடினைக் குறிக்கும் எச் எழுத்து நிறைய இருக்கும். பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இன்னொரு நிக்கல் குழாயில் விட்டுப் பயனில்லை. சுமையை வைத்துப் பிரிக்கும் குழாய்க்குப் போங்கள், அல்லது ஸ்லைடி நீக்கிய வளர்ப்பு வகையை வாங்குங்கள்.

இதே கதை ஆலையில் பெரிய அளவில் நடக்கும். ஆன்டிபாடிகளைப் பெரும்பாலும் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களில் வளர்க்கிறார்கள். செல்லின் சொந்தப் புரதங்கள் சில, எத்தனை படி தாண்டினாலும் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். அவற்றில் சில, கொழுப்பை உடைக்கும் லைபேஸ் வகை நொதிகள். ஊசி மருந்தில் புரதம் திரளாமல் காக்க பாலிசார்பேட் கலப்பார்கள். இந்த லைபேஸ் அலமாரியில் இருக்கும் குப்பிக்குள்ளேயே அதைத் தின்றுகொண்டிருக்கும். மாதங்கள் கழித்து மருந்தில் துகள் தெரியும். எந்தப் புரதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறைமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) புரதத் துண்டுகளின் எடையை அளந்து, ஹாம்ஸ்டரின் மரபணு வரிசையோடு ஒப்பிட வேண்டும். அந்தச் செல்லின் முழு மரபணுத் தொகுதி 2011இல் வெளியான பிறகே இது நிம்மதியான வேலையானது. அதற்கு முன் எலியின் வரிசையை வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகத்தான் ஓட்டினோம்.

இந்தக் கேள்வியோடு டவுன்ஸ்ட்ரீம் ஆள் ஒருவர் கணினிக்காரரிடம் போனால், கணினிக்காரருக்குக் குழாயின் மொழி தெரியாது. கணினிக்காரர் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால், எது உண்மையில் ஒட்டக்கூடியது என்று டவுன்ஸ்ட்ரீம் ஆளுக்குப் பிரிக்கத் தெரியாது. நடுவில் நிற்கத் தெரிந்தவரைத் தேடி நிறுவனங்கள் அலைவதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

ஜூன் 21

பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படித்த ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். “நாங்கள் பொத்தான் அழுத்துபவர்கள் இல்லை” என்கிறார். உங்களைச் சொல்லவில்லை. நிரல் எழுதத் தெரிந்து, ஒப்பீட்டில் மதிப்பெண் எப்படி வருகிறது, எதேச்சையாக வந்த பொருத்தத்தை எப்படித் தள்ளுவது என்று புள்ளியியலோடு படித்தவர் யாரும் பொத்தான் அழுத்துபவர் இல்லை.

ஆனால் ஆய்வேடுகளைத் திருத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஏதோ ஒரு மூலிகை, அதில் ஏதோ ஒரு மூலக்கூறு, அதை ஏதோ ஒரு நோய்ப் புரதத்தில் டாக்கிங் செய்து (கணினியில் பொருத்திப் பார்த்து) ‘மைனஸ் எட்டு’ என்று எண் வந்துவிட்டது, ஆகவே மருந்து தயார் என்று முடியும் ஆய்வேடுகள் மலைபோல் வருகின்றன. அந்த மூலக்கூறை இலையிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இது மாணவர்களின் குற்றம் ஆகாது. ரெசின் வாங்கக் காசு இல்லாத துறைக்கு, இலவச மென்பொருள் ஒரு தப்பிக்கும் வழி. பயோசெபரேஷனைக் கரும்பலகையில் நடத்துவார்கள், பயோஇன்ஃபர்மேடிக்ஸில் கணினித் திரையைப் படம் எடுத்து ஒட்டச் சொல்வார்கள். இரண்டு பாடத்துக்கும் இழப்பு சமமாகத்தான்.

காசு இல்லாமலும் சில செய்யலாம். பாலிஎத்திலீன் கிளைக்காலையும் பொட்டாசியம் பாஸ்பேட்டையும் சரியான அளவில் தண்ணீரில் கலந்து வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரியும், இரண்டுமே பெரும்பாலும் தண்ணீர். புரதம் தனக்குப் பிடித்த அடுக்குக்குப் போகும். சுவீடனில் ஆல்பெர்ட்சன் 1950களில் தொடங்கிய முறை. ரெசின் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். எந்தப் புரதம் எந்த அடுக்குக்குப் போகும் என்று வரிசையை வைத்து முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லிவிட்டுச் செய்ய வைத்தால் ஒரு செமஸ்டர் ஓடிவிடும். ஊகம் பாதிக்குப் பாதி பொய்க்கும். பொய்த்ததற்குக் காரணம் தேடச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண்.

ஜூலை 2

கேள்வி கேட்ட தம்பி இரண்டு துறைகளையும் நேரில் பார்க்கப் போகிறாராம். எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

புரதங்களைக் குழாயில் பிரிக்கும் எஃப்.பி.எல்.சி. இயந்திரம் எங்கே என்று கேளுங்கள். காட்டுவார்கள், பெருமையாகவே காட்டுவார்கள். அதன் மேல் துணி உறை போர்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பதிவேடு இருக்கும். அதைப் புரட்ட அனுமதி கேளுங்கள். கடைசிப் பதிவு எப்போது, எத்தனை வெவ்வேறு கையெழுத்து, “அழுத்தம் ஏறிவிட்டது, நிறுத்தினேன்” என்பது மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறதா. ஒரே ஒருவர் கையெழுத்து மட்டும் இருந்தால், அந்த ஆராய்ச்சி மாணவர் முடித்துப் போனதும் இயந்திரமும் ஓய்வு பெற்றுவிடும். மாணவர்கள் பயன்படுத்தும் குழாய்களைத் தேடுங்கள். அவற்றின் பக்கங்களில் நீலக்கறை இருந்தால் நல்ல சகுனம்.

கணினிப் பக்கம் போனால், மாணவர்கள் தாங்களாக எழுதிய நிரல் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் போட்ட கணக்கு எதையாவது ஆய்வகத்தில் யாராவது சோதித்தார்களா என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்தால் சேருங்கள்.

இரண்டு துறையும் தேறினால், குழாய் இருக்கும் இடத்துக்கே போங்கள் என்பேன். நிரல் எழுத மடிக்கணினி போதும், இரவில் அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். நல்ல இணைய வகுப்புகள் இருக்கின்றன. ரெசின் நிரப்பிய குழாயை அறைக்குக் கொண்டுவர முடியாது. முடித்த பிறகு ஆலை அனுபவத்துக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் தொழிற்பயிற்சித் திட்டம் இருக்கிறது, அதற்கும் விண்ணப்பியுங்கள்.

ஜூலை 2, இன்னொன்று

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அவருக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஜூலை 9

சேர்ந்துவிட்டார், குழாய் இருக்கும் இடத்தில். முதல் வாரமே, புரதக் கரைசலிலிருந்து உப்பை நீக்கும் டயாலிசிஸ் பை வெடித்துவிட்டதாம், காரணம் கேட்கிறார். அம்மோனியம் சல்பேட்டில் வீழ்த்திய புரதத்தைப் பைக்குள் விளிம்பு வரை நிரப்பிக் கட்டியிருப்பீர்கள். உள்ளே உப்பு செறிவாக இருப்பதால் வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே பாயும், பை ஊதும். மூன்றில் ஒரு பங்காவது காலியாக விட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுக் கட்டுங்கள். வெளிப் பஃபரில் புரதம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், கொட்டிவிடாதீர்கள். மறுபடி சல்பேட் போட்டு வீழ்த்திப் பாருங்கள். வேலை முடிந்ததும் ரெசினை 20 சதவீத எத்தனாலில் வைத்து மூடுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்தால் மணிகள் உடையும்.